பிக்சல் ஏறினால் படம் தெளியுமா?

போன பொங்கலுக்கு முன்னால் மதுரையில் சித்தி வீட்டில் டிவி மாற்றினார்கள். பத்து வருடம் ஓடிய 32 அங்குல டிவி இறங்கி, 55 அங்குல 4கே டிவி சுவரில் ஏறியது. ஆள் வந்து மாட்டிவிட்டுப் போன அன்று இரவே சித்தியிடமிருந்து போன். "என்னடா இது, சீரியல்ல எல்லார் மூஞ்சியும் மாவு பூசின மாதிரி இருக்கு. பழைய டிவியே தேவலை போலிருக்கே." பின்னாலிருந்து சித்தப்பா, "கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்க்கச் சொல்லு" என்கிறார்.

அந்த வாரக் கடைசியில் போய்ப் பார்த்தேன். சித்தி சொன்னது முழு உண்மை. கண்ணிலும் கோளாறில்லை, டிவியிலும் கோளாறில்லை. டிவி புதிது, உள்ளே வரும் படம் பழையது, அவ்வளவுதான். எச்டிக்கு முந்தைய தரமான எஸ்டி படத்தை மட்டும் தரும் பழைய செட்டாப் பாக்ஸை அதே மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரோடு புது டிவியில் செருகியிருந்தார்கள்.

எஸ்டி ஒளிபரப்பில் ஒரு படத்துக்கு அகலவாட்டில் 720, உயரவாட்டில் 576 புள்ளிகள், அதாவது பிக்சல்கள். பெருக்கினால் 4,14,720. 4கே திரையில் 3840 × 2160, அதாவது 82,94,400. வகுத்துப் பாருங்கள், சரியாக 20 வரும். அந்தத் திரையில் தெரியும் 20 புள்ளிகளில் ஒன்றுக்குத்தான் உண்மையான தகவல் இருக்கிறது. மற்ற 19 புள்ளிகளை டிவிக்குள் இருக்கும் சிப், அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. ஊகிக்கும்போது கூடவே இரைச்சலையும், அதாவது படத்தில் மினுங்கும் தேவையற்ற புள்ளிகளையும், வழித்து எடுக்கிறது. அதோடு சேர்ந்து முகத்தில் இருக்கும் சுருக்கமும் போய்விடுகிறது. மாவு பூசியது அங்கேதான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அப்படியானால் கடையில் 4கே, 8கே என்று ஒட்டியிருக்கிறார்களே, அந்த எண்ணுக்கு நிஜமாகவே மதிப்பு உண்டா? உண்டு. ஆனால் அது ஒரு எல்லை வரைக்கும்தான், அந்த எல்லையைத் தீர்மானிப்பது டிவி அல்ல, நீங்கள் உட்காரும் இடம்.

கண் ஆஸ்பத்திரியில் 20 அடி தள்ளி உட்கார வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்களே, அதை 1862-ல் வடிவமைத்தவர் ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர். அதில் 6/6, அதாவது குறையில்லாத பார்வை உள்ளவர் படிக்க வேண்டிய வரியில் ஒரு எழுத்தின் உயரம் 9 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அந்த எழுத்தின் கோடு எவ்வளவு தடிமனோ அதுதான் நமக்கு வேண்டிய அளவு: ஏறக்குறைய 1.75 மில்லிமீட்டர். 20 அடி தூரத்தில் அந்தக் கோடு கண்ணில் உண்டாக்கும் கோணம், ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு.

டிகிரி என்றதும் மிரள வேண்டாம். கையை முழுக்க நீட்டி சுண்டுவிரலைப் பாருங்கள். அந்த விரலின் அகலம்தான் கிட்டத்தட்ட ஒரு டிகிரி. அந்த விரல் மறைக்கும் இடத்துக்குள் திரையில் எத்தனை பிக்சல் ஒளிந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. 60-க்குக் கீழே இருந்தால் நல்ல கண்ணுக்குக் குறை தெரியும். 60-ஐத் தாண்டத் தாண்ட, கூடுதலாகக் கொடுப்பதைக் கண் வாங்கிக்கொள்வது குறைந்துகொண்டே போகும்.

சித்தி வீட்டு சோபாவிலிருந்து டிவிக்கு டேப் வைத்து அளந்தேன். 8 அடி. அந்தத் தூரத்தில் பழைய 32 அங்குல டிவியில் எஸ்டி சீரியல் பார்த்தபோது சுண்டுவிரலுக்குப் பின்னால் 43 பிக்சல் தகவல் இருந்தது. அதே சீரியல் 55 அங்குலத்துக்கு விரிந்ததும் அது 25 ஆகிவிட்டது. சோபா நகரவில்லை, சீரியல் மாறவில்லை, திரை மட்டும் பரப்பில் மூன்று மடங்கானது. அதனால்தான் பழைய டிவியே தேவலை என்று தோன்றியிருக்கிறது. அதே திரையில் ஃபுல் எச்டி (1920 × 1080) படம் ஓடினால் 67 வரும். 4கே படம் ஓடினால் 134.

ஆக, 25-லிருந்து 67-க்குப் போனால் கண்ணை மூடிக்கொண்டிருப்பவரைத் தவிர எல்லோருக்கும் வித்தியாசம் தெரியும். 67-லிருந்து 134-க்குப் போனால்? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் மெட்டா நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் சேர்ந்து, முன்னும் பின்னும் நகரும் திரை ஒன்றை வைத்து இதைச் சோதித்து 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். 60 என்ற பழைய கணக்கு கொஞ்சம் கஞ்சத்தனமானது, கறுப்பு வெள்ளை நுணுக்கங்களைச் சராசரியாக 94 பிக்சல் வரைக்கும் கண் பிரித்துப் பார்க்கிறது என்றார்கள். சிவப்பு–பச்சை நுணுக்கங்களுக்கு 89. மஞ்சள்–ஊதாவுக்கு 53 மட்டுமே. இதை வைத்துப் பார்த்தால் சித்தி வீட்டு ஹாலில் 4கே படத்துக்கு ஓரளவு பலன் உண்டு: 67-க்கும் 94-க்கும் நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்சம். அதே 8 அடியில் 43 அங்குல டிவி என்றால் ஃபுல் எச்டியே 86 கொடுத்துவிடும். அங்கே 4கே படத்துக்கும் ஃபுல் எச்டி படத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது பெரும்பாலோருக்கு முடியாத காரியம்.

4கேவைப் போல் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 8கே பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அதை உருவாக்கிய ஜப்பானின் என்எச்கே ஒளிபரப்பு நிறுவனத்தின் கணக்குப்படியே, ஃபுல் எச்டியை முழுசாக அனுபவிக்கத் திரையின் உயரத்தைப் போல் 3 மடங்கு தூரத்தில் உட்கார வேண்டும். 8கேவுக்கு முக்கால் மடங்கு. 55 அங்குல டிவிக்கு அது ஒன்றே முக்கால் அடி கூட வராது. 2020-ல் வார்னர் பிரதர்ஸ், பிக்சார், அமேசான், எல்ஜி ஆகியவை சேர்ந்து 139 பேரை 88 அங்குல 8கே டிவி முன்னால் உட்கார வைத்து, 8கே எது, 4கேவாகக் குறைத்தது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் காட்டின. பெரும்பாலோருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. 5 அடியில் முன்வரிசையில் உட்கார்ந்த, சராசரியைவிட மிகக் கூர்மையான பார்வை உள்ளவர்களுக்குத்தான் லேசான வித்தியாசம் பட்டது.

இதுவரைக்கும் சொன்னது, ஒவ்வொரு பிக்சலிலும் உண்மையான தகவல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. நம் வீட்டுக்கு வரும் வீடியோவில் அது இருப்பதில்லை. என்னைக் கேட்டால் பிக்சல் எண்ணிக்கையைவிட நாம் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான்.

ஃபுல் எச்டி படத்தைச் சுருக்காமல் அப்படியே அனுப்பினால், நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், என்ற கணக்கில், ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 60 கோடி பிட் ஆகும். நெட்ஃபிளிக்ஸ் தன் ஃபுல் எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் இணைய வேகம் போதும் என்கிறது. அதாவது நொடிக்கு 50 லட்சம் பிட். 120-ல் ஒரு பங்கு. 4கேவில் அதே படம், வெளிச்சமும் நிறப் படிகளும் கூடிய எச்டிஆர் தரத்தில், நொடிக்கு 300 கோடி பிட் வரும்; அதற்கு அவர்கள் கேட்பது 15 எம்பிபிஎஸ். இது 200-ல் ஒரு பங்கு. புள்ளி நாலு மடங்கு ஏறுகிறது, அனுப்பும் தகவல் மூன்று மடங்குதான் ஏறுகிறது. எச்.265, ஏவி1 போன்ற புதிய சுருக்க முறைகள் கெட்டிக்காரத்தனமானவை, அதனால் சமாளிக்கிறார்கள். ஆனாலும் 200-ல் 199 பங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை வைத்துப் படம் காட்டுகிறார்கள் என்பதை மறக்கக்கூடாது.

எதைத் தூக்கிப் போடுகிறார்கள்? முந்தைய பிரேமில் இருந்ததே இந்தப் பிரேமிலும் இருந்தால் திரும்ப அனுப்புவதில்லை. செய்தி வாசிப்பவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது இது அருமையாக வேலை செய்யும். உதடும் கண்ணும் தவிர எதுவும் மாறுவதில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நேரலையைப் பாருங்கள். லட்சக்கணக்கான தலைகள், எல்லாம் ஒரே நேரத்தில் அசைகின்றன. நாலு பக்கமும் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். அந்தத் துளிகளில் ஒன்றுகூட அடுத்த பிரேமில் அதே இடத்தில் இருக்காது. சுருக்கும் இயந்திரத்துக்கு இதைவிடச் சோதனை வேண்டாம். கேமரா தங்கக் குதிரைக்குக் கிட்டே போகும்போது தெளிவாக இருக்கும் படம், கூட்டத்தை நோக்கித் திரும்பியதும் சதுரம் சதுரமாகக் கலங்கிவிடும். மழை, புகை, மத்தாப்பு, கடல் அலை எல்லாவற்றிலும் இதேதான். அந்த நேரத்தில் மூலையில் 1080 என்று போட்டிருக்கிறதா, 2160 என்று போட்டிருக்கிறதா என்பதற்குப் பொருளே இல்லை.

கொரோனா காலத்தில் இது உலகளவில் நடந்தே காட்டியது. 2020 மார்ச்சில் ஐரோப்பாவில் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது, இணையம் தாங்காது என்று ஐரோப்பிய ஆணையம் கேட்டுக்கொள்ள, நெட்ஃபிளிக்ஸ் தன் போக்குவரத்தில் கால்பங்கைக் குறைத்தது. எப்படி? 4கேவை 4கேவாகவே விட்டுவிட்டு பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு அனுப்பும் பிட் அளவை, மட்டும் இறக்கினார்கள். திரையில் எழுதியிருந்த எண் மாறவில்லை, படம் மட்டும் கொஞ்சம் இளைத்தது. இந்தியாவில் வேறு வழியில் போனார்கள்: செல்போன் இணைப்பில் உயரவாட்டில் 480 புள்ளிகளுக்கு மேல் கிடையாது என்று அதே மாதம் ஓடிடி நிறுவனங்கள் சேர்ந்து முடிவெடுத்தன. 2023-ல் யூடியூப் பணம் கட்டியவர்களுக்கென்று ‘1080பி பிரீமியம்’ என ஒன்றைக் கொண்டுவந்தது. அதே பிக்சல், கூடுதல் பிட்ரேட். பிக்சலும் தரமும் வேறு வேறு என்பதை அந்த நிறுவனமே விலை போட்டு விற்கிறது.

நிறையப் பேருக்கு ஒரு சந்தேகம் வரும்: என் லேப்டாப் வெறும் ஃபுல் எச்டி, ஆனால் யூடியூபில் 2160 வைத்தால் படம் நிஜமாகவே நன்றாகத் தெரிகிறதே, அது பிரமையா? பிரமை இல்லை. 4கேவைத் தேர்ந்தெடுக்கும்போது கூடவே பெரிய பிட்ரேட்டும் வருகிறது. தவிர, நம் வீட்டுக்கு வரும் வீடியோ எல்லாவற்றிலும் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே ஒரு நிறத் தகவல்தான் இருக்கும். வெளிச்சம் மட்டுமே புள்ளிக்குப் புள்ளி. நிற நுணுக்கத்தில் நம் கண் மந்தம் என்பதால் இந்தச் சிக்கனம். 4கேவை ஃபுல் எச்டி திரைக்குச் சுருக்கும்போது நான்கு புள்ளிகள் ஒன்றாகி, ஒவ்வொரு புள்ளிக்கும் சொந்த நிறம் கிடைத்துவிடுகிறது. சிவப்புப் புடவை ஓரம் கசியாமல் நிற்பது இதனால்தான்.

சரி, பிக்சலும் போதும், பிட்டும் போதும் என்று வைத்துக்கொள்வோம். அப்புறமும் ஒரு படம் உயிரோடும் இன்னொன்று சோகையாகவும் இருக்கிறதே, ஏன்?

மார்கழிக் காலையில் சாணம் தெளித்த கருந்தரையில் போட்ட கோலத்தையும், வெளுத்த சிமெண்ட் தரையில் போட்ட அதே கோலத்தையும் மாடியிலிருந்து பாருங்கள். கை ஒன்று, மாவு ஒன்று, இழையின் தடிமன் ஒன்று. சாணத் தரைக் கோலம்தான் கூர்மையாகத் தெரியும். நாம் ‘தெளிவு’ என்று சொல்வதில் பாதிக்கு மேல் இந்த வேறுபாடுதான், கறுப்பு எவ்வளவு கறுப்பு, வெள்ளை எவ்வளவு வெள்ளை என்பது. கண்ணும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. அது மிக எளிதாகப் பிடித்துக்கொள்வது மயிரிழை போன்ற கோடுகளை அல்ல. ஒரு டிகிரிக்குள் மூன்று முதல் ஐந்து கறுப்பு–வெள்ளைக் கோட்டு ஜோடிகள் வருகிற, நடுத்தரமான அளவுகளைத்தான். அந்த அளவில் கறுப்பும் வெள்ளையும் நன்றாகப் பிரிந்து நின்றால் முழுப் படமும் கூர்மையாகத் தோன்றிவிடும்.

எச்டிஆர் என்பது தொடுவது இதைத்தான். பழைய வீடியோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், எச்டிஆரில் 1024. அந்தி வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழாமல் நிறம் வழுக்கிக்கொண்டு போவது இந்தக் கூடுதல் படிகளால். வெளிச்சத்திலும் அப்படித்தான். சாதாரண வீடியோ 100 நிட்ஸ் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தை மனதில் வைத்துத் தயாராகிறது, எச்டிஆர் படங்கள் பொதுவாக 1000 நிட்ஸ் அல்லது அதற்கு மேல். ஆனால் விலை குறைந்த டிவிகள் பலவற்றால் 300 நிட்ஸைத் தாண்ட முடியாது. பெட்டியில் எச்டிஆர் என்று போட்டிருப்பார்கள். அந்த வீடியோவை அது வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே அதற்கு அர்த்தம், காட்டிவிடும் என்று அல்ல. 4கே என்ற முத்திரைக்குக் கொடுக்கும் காசை வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் கொடுத்தால் கண்ணுக்கு நேரடியாகத் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

தியேட்டரை நினைத்துப் பாருங்கள். நாம் ரசித்துப் பார்த்த எத்தனையோ படங்கள் 2கே புரொஜெக்டரில் ஓடியவை. அகலத்தில் 2048 புள்ளிகள், ஃபுல் எச்டியை விட ஒரு கை கூடுதல். திரை 40 அடி அகலம் என்றால் ஒரு புள்ளி 6 மில்லிமீட்டர், மிளகைவிடக் கொஞ்சம் பெரியது. கணக்குப்படி நடு வரிசையில் இருப்பவருக்கே புள்ளிகள் தட்டுப்பட வேண்டும். ஆனாலும் படம் மங்கல் என்று யாரும் எழுந்து கத்தியதில்லை. அரங்கு இருட்டு. திரையில் ஓடும் கோப்பு நொடிக்கு 250 மெகாபிட் வரை போகலாம், வீட்டுக்கு வரும் ஃபுல் எச்டியைப் போல் 50 மடங்கு. படம்பிடித்த கேமராவும் அப்படித்தான். 2010-ல் வந்து உலகெங்கும் ஒளிப்பதிவாளர்களின் செல்லமான ஆரி அலெக்ஸாவின் சென்சார் 4கே கிடையாது, 2.8கே. பிக்சல் குறைவு என்பதால் நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தத் தயாரிப்புகளுக்கு அந்த முதல் தலைமுறைக் கேமராவை முதன்மைக் கேமராவாக ஏற்கவில்லை. வெளிச்சத்தையும் தோல் நிறத்தையும் அது வாங்கும் விதத்துக்காகவே அதைத் தேடிப்போனவர்கள் ஏராளம்.

அசைவு என்று ஒன்று இருக்கிறது. நொடிக்கு 24 பிரேம் ஓடும் சினிமாவில், ஒரு கார் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு 5 நொடியில் போகிறது என்று வையுங்கள். 120 பிரேம். 4கே திரையில் பிரேமுக்கு 32 பிக்சல் நகர வேண்டும். கேமராவில் வெளிச்சத்தை உள்ளே விடும் ஷட்டர் அதில் பாதி நேரம் திறந்திருக்கும், ஆக ஒவ்வொரு பிரேமிலும் கார் 16 பிக்சலுக்கு இழுபட்டிருக்கும். இழுபட்ட பிறகு 4கே என்ன, ஃபுல் எச்டி என்ன? கிரிக்கெட் பார்ப்பவருக்கு 4கேவைவிட நொடிக்கு 50 பிரேம் முக்கியம்.

பிக்சல் நிஜமாகவே வேலை செய்யும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். அது மேசைமேல் இருக்கும் மானிட்டர். 27 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரை 2 அடியில் வைத்துப் பார்த்தால் சுண்டுவிரலுக்கு 34 பிக்சல்தான். தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது தினமும் உறுத்தும். ஆங்கில எழுத்து நேர்கோடுகளில் தப்பித்துக்கொள்ளும்; நம் ‘ண’வுக்கு மூன்று சுழி, ‘ன’வுக்கு இரண்டு சுழி, மெய்யெழுத்துக்குத் தலையில் ஒரு புள்ளி. சின்ன எழுத்துருவில் சுழிகள் அடைந்துபோய், ‘ண்’ணா ‘ன்’னா என்று மெய்ப்புப் பார்க்கும்போது முகத்தைத் திரைக்குள் நுழைக்க வேண்டியிருக்கும். நான் இரண்டு வருடத்துக்கு முன் அதே அளவில் 4கே மானிட்டருக்கு மாறினேன். 34 அங்கே 68 ஆனது. சாயங்காலத் தலைவலி குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று நம்புகிறேன். ஆனால் அதே பிக்சல் வெறி கைப்பேசியில் வீண். 2015-ல் சோனி ஐந்தரை அங்குல போனில் 4கே திரை வைத்து விற்றது, அங்குலத்துக்கு 806 பிக்சல். பெரும்பாலான நேரம் அந்த போனே பேட்டரிக்காக ஃபுல் எச்டியில்தான் ஓடியது.

சித்தி வீட்டில் மூன்று வேலை செய்தோம். கேபிள்காரரிடம் சொல்லி எச்டி பாக்ஸ் மாற்றி, அந்த மூவர்ண ஒயரைக் கழற்றிவிட்டு எச்டிஎம்ஐ ஒயர் போட்டோம். சித்தி பார்க்கும் சேனல்களின் எச்டி வடிவத்தைச் சேர்த்தோம். கடைசியாக டிவியின் படப் பயன்முறை. கடையில் நூறு டிவிக்கு நடுவில் கண்ணைப் பறிக்க வேண்டுமென்று ‘விவிட்’ என்ற முறையில் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் யாரும் மாற்றுவதில்லை. அதை ‘சினிமா’வுக்கு மாற்றி, ஷார்ப்னஸை இறக்கினேன். ஷார்ப்னஸ் புதிதாக எந்த நுணுக்கத்தையும் தராது, இருக்கும் ஓரங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு இழுக்கும். முதல் ஐந்து நிமிடம் படம் மஞ்சளடித்த மாதிரி இருக்கிறது என்றார் சித்தப்பா. இரண்டு நாள் இப்படியே விட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் சித்தி கூப்பிட்டார். "டேய், அந்த மாமியார்க்காரி புடவை பார்டர்ல இருக்கிறது மாங்கா இல்லடா, அன்னம். இத்தனை நாளா மாங்கான்னே நெனச்சிட்டிருந்தேன்."